ஒவ்வொரு ரீகாலுக்கும் ஒரு கருவாடு

பில்கு: பிரேக் பிடிக்கல. அதை மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்.

பியோ: ஐயா, வண்டி இன்னும் இழுவை லாரியை விட்டே இறங்கல. இறங்கட்டும். ஏத்தி நிறுத்தி, கழட்டிப் பார்த்துட்டு...

பில்கு: நீ பார்த்து என்ன ஆகப்போகுது? உள்ள உட்கார்ந்திருந்தவன் நான். மிதிச்சவன் நான். பிடிக்கலங்கிறேன்.

காப்சுன்: ஆமா தம்பி. பாறாங்கல்லை மிதிச்ச மாதிரி இருந்துச்சு. இறங்கவே இல்ல.

பியோ: உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?

காப்சுன்: ...இவரு சொன்னாரு.

பில்கு: நான்தான் சொன்னேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து எனக்குக் கால் வலிச்சா அவதான் ஐயோங்கறா. பழக்கம்.

பியோ: சரி. பிரேக் பிடிக்கல. அப்போ வண்டி எங்க போய் நின்னுது?

பில்கு: தானா நிக்கல. ஊர்த்தலைவன் யோம் வீட்டு ஜாடிங்க நிறுத்துச்சு.

காப்சுன்: சோயா விழுது ஜாடி தம்பி. பின்கட்டு மேடையில வரிசையா வெச்சிருந்தாங்க. இறக்கத்துல வந்தமா, வளைவுல திரும்பி, சிக்னல் போட்டு... போட்டாரு... போட்டுட்டு மிதிச்சா...

பியோ: கைப்பிரேக் இருக்கேம்மா. அதை இழுத்திருக்கலாமே.

காப்சுன்: அந்த நேரத்துக்கு ஞாபகமே வரல.

பியோ: உங்களுக்கா?

பில்கு: எனக்கு. எனக்கு ஞாபகம் வரல. பக்கத்துல உட்கார்ந்து வர்றவ எப்பவும் தானே ஓட்டற மாதிரிதான் பேசுவா. உன் பொண்டாட்டி அப்படி இல்லையா?

பியோ: எங்க வீட்டுல இன்னும் மோசம். சரி விடுங்க. யாருக்கும் அடி இல்லையே?

காப்சுன்: யோம் வீட்டு நாய் படுத்திருந்துச்சு. அதுவும் விலகிடுச்சு. அப்புறம் வந்து பம்பரை நக்கிட்டு இருந்துச்சு.

பில்கு: அந்த விழுதை நாய்தான் நக்கணும். மனுஷன் வாயில வைக்க முடியாது. இத்தனை வருஷமா ஊரே பயந்துக்கிட்டு நல்லாருக்கு, நல்லாருக்குன்னு தின்னுச்சு.

பியோ: அடி இல்லன்னா ஏன்யா இவ்வளவு அவசரம்? வண்டியை விட்டுட்டுப் போங்க. நாளன்னைக்கு நிதானமா...

பில்கு: நாளன்னைக்கு வேலைக்கு ஆகாது. என் மக ஹேரிம் சியோல்ல இருந்து இப்ப உனக்குப் போன் பண்ணுவா.

பியோ: எனக்கா? எனக்கு எதுக்கு?

பில்கு: என்னை நம்ப மாட்டா. அவளுக்கு அவங்கப்பன் புத்தி. ஆனா சட்டையில பேர் தைச்சுப் போட்டிருக்கிறவன் என்ன சொன்னாலும் நம்புவா. உன் சட்டையில தைச்சிருக்கில்ல?

பியோ: தைச்சிருக்கே. பியோன்னு. இதோ, பெரிசா.

பில்கு: ...ம். தைச்சிருக்குதான்.

காப்சுன்: விஷயம் இதுதான் தம்பி. தப்பு வண்டி மேலயா, அப்பா மேலயான்னு உங்ககிட்ட கேட்பா. அப்பா மேலன்னு தெரிஞ்சா நாளைக்கே ரயில் ஏறி வந்து, இவரு லைசென்ஸைத் திருப்பிக் குடுக்க வெச்சுடுவாளாம். வண்டியை வித்துடுவாளாம். எங்க ரெண்டு பேரையும் அவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாளாம்.

பியோ: மக வீட்டுக்குத்தானேம்மா. ஜெயிலுக்கா?

பில்கு: ஜெயில்ல தரைத்தளம் இருக்கு. இவ வீடு பத்தொன்பதாவது மாடி. ஜன்னலைத் திறந்தா எதிர் வீட்டுக்காரன் ஜட்டி காயுது. போன தடவை நாலு நாள் இருந்தேன். லிஃப்ட்டுல ஒருத்தன்கூட மூஞ்சியைப் பார்க்கல. எல்லாரும் கதவைப் பார்த்துக்கிட்டு நிக்கறான், கதவுல என்னமோ எழுதியிருக்கற மாதிரி.

காப்சுன்: எங்க மலைக்குப் பஸ் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அதுவும் பனி விழுந்தா வராது. வண்டி இல்லன்னா முட்டைக்கோஸைச் சந்தைக்குக் கொண்டு போக முடியாது, வைத்தியர்கிட்ட போக முடியாது. வண்டி போச்சுன்னா வீடும் போச்சு தம்பி. அதான் இவரு இப்படிக் குதிக்கறாரு.

பில்கு: நான் குதிக்கல. நியாயம் கேட்கறேன்.

பியோ: புரியுதும்மா. ஆனா நான் பொய் சொல்ல மாட்டேன்.

பில்கு: எவன் பொய் சொல்லச் சொன்னான்? பிரேக் பிடிக்கலன்னு சொல்லச் சொல்றேன். ரெண்டு மூட்டை முட்டைக்கோஸும் தர்றேன்.

பியோ: பொய் சொல்லலன்னா முட்டைக்கோஸ் எதுக்குய்யா?

பில்கு: ...தின்னத்தான்.

பியோ: சரி, சுலபமான வழி ஒண்ணு இருக்கு. கண்ணாடியில பிளாக் பாக்ஸ் கேமரா தொங்குது. அதுல எல்லாம் பதிவாகியிருக்கும். போட்டுப் பார்த்துடலாம்.

காப்சுன்: அது வேணாம் தம்பி.

பில்கு: அது ஓடாது. வாங்கின அன்னைக்கே ஒயரைப் பிடுங்கிட்டேன்.

பியோ: பிடுங்கிட்டீங்களா? ஏன்?

பில்கு: எனக்கு எதிரா சாட்சி சொல்றவனுக்கு நானே காசு குடுத்து, நானே முன்சீட்டுல உட்கார வெச்சு, ஊர் ஊரா கூட்டிட்டுப் போகணுமா? நான் என்ன பைத்தியமா?

காப்சுன்: அவரு அப்படித்தான். வீட்டுல கடிகாரத்தையே நம்ப மாட்டாரு. எந்திரிச்சு வெயிலைப் பார்த்துட்டு வருவாரு.

பியோ: நல்லது. அப்போ கம்ப்யூட்டர்ல உங்க வண்டி நம்பரைப் போடறேன்... ஒரு நிமிஷம்... அடேங்கப்பா.

பில்கு: என்ன?

பியோ: பூரா சிவப்பா வருது. ஐயா, உங்க சான்மாரு வண்டிக்குக் கம்பெனி இதுவரைக்கும் அஞ்சு தடவை ரீகால் விட்டிருக்கு. அஞ்சு தடவை, கொண்டு வாங்க, இலவசமா சரி பண்ணித் தர்றோம்னு கூப்பிட்டிருக்காங்க. நீங்க ஒண்ணுக்குக்கூட வரல.

பில்கு: வரல.

பியோ: கடுதாசி வந்துச்சா?

பில்கு: வந்துச்சு. ஒவ்வொண்ணும் வந்துச்சு. போன்லயும் ஒரு பொண்ணு கூப்பிட்டா. பேசுறது பொண்ணா மெஷினான்னு கேட்டேன். அதே வாக்கியத்தை மறுபடியும் சொன்னா. வெச்சுட்டேன்.

பியோ: ஏன்யா வரல? நாட்டுல பாதிப் பேர் இந்த வண்டிதான் வெச்சிருக்கான். என் தம்பியும் இதுதான் வெச்சிருக்கான். கடுதாசி வந்த மறுநாளே எல்லாரும் வரிசையில நின்னாங்க.

பில்கு: அதான் சந்தேகம். நான் கேட்கறேன், நீ பதில் சொல்லு. விக்கும்போது, இதைவிட நல்ல வண்டி உலகத்துலயே இல்லன்னு கம்பெனிக்காரன் சொன்னானா?

பியோ: சொன்னாங்க.

பில்கு: ரெண்டு வருஷம் கழிச்சு, நான் வித்தது சரியில்ல, திருப்பிக் கொண்டான்னு சொன்னானா?

பியோ: சொன்னாங்க.

பில்கு: ரெண்டுல ஒண்ணு பொய். எது பொய்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒரு தடவை பொய் சொன்னவன் கையில மறுபடியும் சாவியைக் குடுக்கறவன் முட்டாள்னு தெரியும்.

பியோ: இலவசம்தானேய்யா. போய்ப் பார்த்தா என்ன நஷ்டம்?

பில்கு: எங்க ஊர்ல பேக்னு ஒருத்தன். இலவசம்னு போனான். திரும்பி வரும்போது நாலு டயரும் புதுசு, கண்ணாடிக்கு மேல ஒரு படலம், பொண்டாட்டிக்குத் தெரியாம ஒரு மாசத்தவணை. இலவசமாப் பல்லைப் பார்க்கறேன்னான் ஒருத்தன். போனேன். ரெண்டு பல்லை விட்டுட்டு வந்தேன். இந்த நாட்டுல இலவசம்னு எவன் சொன்னாலும் நான் முதல்ல என் பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பேன்.

காப்சுன்: தம்பி, அந்த அஞ்சுல பிரேக்குன்னு ஏதாச்சும் இருக்கா?

பியோ: இருங்க... முதல்ல வந்தது ஏர்பேக். வெடிச்சா உள்ள இருக்கற தகரம் மூஞ்சியில அடிக்கும். அப்புறம் எஞ்சின். அப்புறம்... ஆ, இருக்கு. பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டி.

பில்கு: சொன்னேனா? சொன்னேனா இல்லையா? கம்பெனியே ஒத்துக்கிச்சு. என் மக கூப்பிட்டா அதைப் படிச்சுக் காட்டு.

பியோ: கேளுங்கய்யா. அந்தப் பெட்டி கெட்டா பிரேக் பிடிக்காமப் போகாது. அது வேற. அதுக்குள்ள ஈரம் இறங்கினா ஷார்ட் ஆகும். வண்டி சும்மா நிக்கும்போதே புகையும், தீப்பிடிக்கும். அதனாலதான், சரி பண்ற வரைக்கும் வீட்டை ஒட்டி நிறுத்தாதீங்க, வெட்டவெளியில நிறுத்துங்கன்னு எழுதியிருந்தாங்க.

காப்சுன்: இவரு விறகுக் கொட்டகையிலதான் நிறுத்தறாரு.

பியோ: விறகுக் கொட்டகையிலயா?

பில்கு: வெளிய நிறுத்தினா பனி விழுது.

பியோ: ...சரி. இப்ப மட்டும் கம்பெனி சொல்றதை நம்பறீங்களா?

பில்கு: பொய்யனும் என்னைக்காவது ஒருநாள் வாய் தவறி உண்மை சொல்லுவான். அதைப் பிடிச்சுக்கணும்.

காப்சுன்: இந்தாங்க, காப்பி. கப்பு சூடா இருக்கு. கையை நீட்டுங்க... இன்னும் கொஞ்சம். ம், பிடிச்சாச்சா?

பில்கு: பிடிச்சாச்சு. என்னைக் குழந்தையாட்டம் ஆக்காதே, தம்பி பார்க்குது.

பியோ: வண்டியை இறக்கிட்டாங்க. வாங்க, பானெட்டைத் திறக்கறேன். விழுது நாத்தம்தான் தூக்குது... இல்லையே. இது விழுது வாசனை இல்லையே. என்னமோ சுட்ட மாதிரி... ஐயா. இங்க வாங்க. இது என்ன?

பில்கு: எது?

பியோ: இதுதான். உங்க மூக்குக்கு நேரா இருக்கு.

பில்கு: உங்க கடையில வெளிச்சமே இல்ல. கரண்டு பில்லுக்குக் கஞ்சத்தனம்.

காப்சுன்: கருவாடு தம்பி.

பியோ: கருவாடுன்னு தெரியுதும்மா. வெள்ளை நூல் சுத்தின முழுப் பொல்லாக் மீன் கருவாடு. எஞ்சின் மேல என்ன பண்ணுது?

காப்சுன்: வண்டி வாங்கினா காவலுக்கு வைக்கறதுதானே.

பியோ: வைக்கறதுதான். எங்கப்பாவும் பன்னித் தலை வெச்சுக் கும்பிட்டு, நாலு டயர்லயும் அரிசிக் கள் ஊத்தி, கருவாட்டை டிக்கியில போட்டு வெச்சாரு. எல்லாரும் டிக்கியிலதான் வைப்பாங்க. எஞ்சின் மேல வெச்சு எவனும் வறுக்க மாட்டான்.

பில்கு: கடுதாசியில என்ன எழுதியிருந்துச்சு? எஞ்சின் கோளாறு. எஞ்சின் கோளாறுக்கு டிக்கியில கருவாடு வெச்சா எஞ்சினுக்கு எப்படித் தெரியும்?

பியோ: ...இருங்க. அப்போ இது வண்டி வாங்கினப்ப வெச்சது இல்லையா?

காப்சுன்: ரெண்டாவது கடுதாசிக்கு வெச்சது. அதோ, அந்த ஓரத்துல பெட்டி மேல இருக்கே, அது மூணாவது கடுதாசிக்கு.

பியோ: பிரேக் பெட்டி மேலயா? ஐயோ, இதுல பூஞ்சை பிடிச்சிருக்கே. இது ஏன் இப்படி ஊறிப் போயிருக்கு?

பில்கு: தீப்பிடிக்கும்னு எழுதியிருந்தான். அதனால நனைச்சு வெச்சேன்.

பியோ: நனைச்சா?

பில்கு: தண்ணியில ஊற வெச்சு. நெருப்புக்கு எதிரி தண்ணிதானே. எல்லாத்தையும் படிச்சாத்தான் தெரியுமா?

பியோ: ஐயா... ஈரம் பட்டா தீப்பிடிக்கும்னுதான் அந்த ரீகாலே.

காப்சுன்: நான் அப்பவே சொன்னேன், சும்மா காஞ்சதையே வைங்கன்னு.

பில்கு: பிடிச்சுச்சா? இத்தனை வருஷமா தீப்பிடிச்சுச்சா? பிடிக்கல. அப்போ மீன் வேலை செய்யுது.

பியோ: முதல் கடுதாசி ஏர்பேக். அந்த மீன் எங்க?

காப்சுன்: முன்னாடி டாஷ்போர்டு அறைக்குள்ள. கையுறைக்கு அடியில.

பியோ: டிக்கிக் கதவு தலையில விழும்னு ஒரு ரீகால் வந்துச்சே?

காப்சுன்: டிக்கிக்குள்ள, ஸ்டெப்னிப் பள்ளத்துல. பின்சீட்டு பெல்ட்டுக்கு வந்த கடுதாசிக்குப் பின்சீட்டுல, மெத்தை இடுக்குல.

பியோ: ஆக, கம்பெனி அஞ்சு தடவை கூப்பிட்டிருக்கு, நீங்க அஞ்சு தடவை மீன் வாங்கியிருக்கீங்க.

பில்கு: சில்லறை மீன் இல்ல. மலைப் பனியில காய வெச்ச முதல்தரம். பார்த்துப் பார்த்து வாங்கினேன். பொல்லாக் செத்தாலும் கண்ணை மூடாது. ராத்திரி பகல் முழிச்சுக்கிட்டுக் காவல் இருக்கும். உங்க கம்பெனியில எவனாவது அப்படி இருக்கானா?

பியோ: கம்பெனியை நம்ப மாட்டீங்க, கடிகாரத்தை நம்ப மாட்டீங்க, கருவாட்டை நம்புவீங்க.

பில்கு: கருவாடு எனக்கு எதையும் விக்கலையே.

பியோ: இவ்வளவு நாள் உங்ககூடக் காலம் ஓட்டின வண்டிக்குத்தான் முதல்ல கும்பிடு போடணும்... சரி, வேலையைப் பார்ப்போம். பிரேக் ஆயில் நிறைய இருக்கு. குழாய்ல கசிவு இல்ல. நாலு சக்கரத்துலயும் பட்டை நல்லாருக்கு, போன வருஷம் மாத்தின மாதிரி இருக்கு.

பில்கு: மாத்தினேன். கண்ணெதிர்ல நின்னு மாத்த வெச்சேன்.

பியோ: அதான்யா பிரச்சினை. பிரேக் நல்லாருக்கு. நல்லாருக்குன்னுதான் உங்க மககிட்ட நான் சொல்ல வேண்டியிருக்கும்.

காப்சுன்: தம்பி, நல்லாப் பாருங்க. இன்னொரு தடவை பாருங்க.

பில்கு: நீ ஏன்டி அழறே? அழாதே. தப்பு என் மேலதான்னு வந்தா என் மேல வரட்டும். நான் சொல்லிக்கறேன்.

காப்சுன்: உங்க மேல எப்படிங்க...

பில்கு: சும்மா இரு. என் கால். கிழட்டுக் கால். மிதி மாறிப் போச்சு. மிதிக்க வேண்டியது ஒண்ணு, மிதிச்சது ஒண்ணு. தினம் தினம் டிவியில காட்டறான் இல்ல, கடைக்குள்ள வண்டியை விட்டுட்டு, பிரேக் பிடிக்கலன்னு சொல்ற கிழவனுங்களை. நானும் அந்த ஜாதின்னு வெச்சுக்கோ.

பியோ: அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி சத்தியம் பண்ணாத குறையா பிரேக் பிடிக்கலன்னீங்க. இப்ப கால்ங்கறீங்க.

பில்கு: மனுஷன் மாறக் கூடாதா? கம்பெனி அஞ்சு தடவை மாறுச்சு.

பியோ: இருங்க, நான் உள்ள உட்கார்ந்து மிதியைப் பார்த்துடறேன்... ஆ... ஐயோ முட்டி. உள்ளயே போகலையே. சீட்டு என்ன இவ்வளவு முன்னாடி இருக்கு? ஐயா, நீங்க என்னைவிட ஒரு சாண் உயரம். இதுல எப்படி உட்கார்ந்து ஓட்டினீங்க?

பில்கு: குனிஞ்சு.

காப்சுன்: மோதின வேகத்துல சீட்டு முன்னாடி நகர்ந்திருக்கும் தம்பி.

பியோ: மோதின வேகத்துல ரெண்டு மெத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வந்து உட்கார்ந்துக்கிச்சா?

பில்கு: மூலம்.

பியோ: என்னது?

பில்கு: எனக்கு மூலம். ரெண்டு மெத்தை போட்டாத்தான் உட்கார முடியும். போதுமா? இல்ல, அதையும் லிஃப்ட்டுல ஏத்திப் பார்க்கணுமா?

பியோ: வேணாம்யா. வேணவே வேணாம்... பின்னாடி பார்க்கற கண்ணாடிகூட கீழ பார்த்து இருக்கு... சரி, நான் ஒண்ணும் கேட்கல. சீட்டைப் பின்னாடி தள்ளறேன். ம்... வரமாட்டேங்குதே. அடியில என்னமோ சிக்கியிருக்கு... இரும்மா, டார்ச் எடுக்கறேன்... பிரேக் மிதி பாதியில நிக்குது. கல்லு மாதிரி நிக்குது. ஒண்ணு முட்டுக் குடுத்த மாதிரி அடியில... வருது... வந்துருச்சு.

பில்கு: என்ன அது?

பியோ: கருவாடு.

பில்கு: எந்தக் கருவாடு? அஞ்சும் சொல்லிட்டாளே. மிதிகிட்ட நான் எதையும் வைக்கலையே. காவல் தெய்வத்தைக் காலுக்குக் கீழ வைக்கற ஆள் நான் இல்ல.

பியோ: இது உங்க அஞ்சுல சேர்ந்தது இல்லய்யா. நூல் புதுசு. மீன் இன்னும் பொன் நிறமா இருக்கு. இப்பத்தான், இந்த இலையுதிர் காலத்துல வெச்சது. டிரைவர் சீட்டுக்கு அடியில இருந்திருக்கு. இறக்கத்துல வரும்போது அப்படியே சறுக்கி முன்னாடி வந்து, தலை மிதிக்கு அடியில போய், வால் தரையில ஊணி... ஆப்பு அடிச்ச மாதிரி. எவ்வளவு மிதிச்சாலும் இறங்காது.

பில்கு: காப்சுன். ஏ கிழவி. உன்னைத்தான்.

காப்சுன்: ...நான்தான் வெச்சேன்.

பில்கு: என்கிட்ட சொல்லாமலா?

காப்சுன்: சொன்னா சிரிப்பீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு.

பியோ: என்ன பயம்மா? ஐயா ஓட்டறதுக்கா?

காப்சுன்: ஆமா. இவரு... ஓட்டறதுக்கு.

பில்கு: ம். என் ஓட்டம் கொஞ்சம் பயங்கரம்தான்.

பியோ: இதைப் பாருங்கம்மா. மீன் முதுகு நசுங்கியிருக்கு பாருங்க. மிதியில இருக்கற ரப்பர் வரி அப்படியே அச்சா பதிஞ்சிருக்கு. உயிரைக் குடுத்து மிதிச்சிருக்காங்க. அதுவும் பிரேக்கைத்தான் மிதிச்சிருக்காங்க. கால் மாறவே இல்ல.

காப்சுன்: மாறலையா?

பியோ: மாறல.

காப்சுன்: நிஜமாவா தம்பி? ஆக்சிலரேட்டரை மிதிக்கலையா? நல்லாத் தெரியுமா? ஜாடி உடைஞ்சதுல இருந்து எனக்கு நிம்மதியே இல்ல. அது நடந்ததுல இருந்து இந்த வலது காலையே பார்த்துக்கிட்டு... அவரு காலைப் பார்த்துக்கிட்டு...

பில்கு: கேட்டுக்கிட்டியா? சரியான இடத்துலதான் மிதிச்சிருக்கு. நான் அப்பவே சொன்னேன். சொன்னா நம்பறியா?

காப்சுன்: நீங்க சமாதானத்துக்குச் சொல்றீங்கன்னு நினைச்சேன்.

பில்கு: நான் என்னைக்குடி சமாதானத்துக்குப் பேசியிருக்கேன்?

பியோ: யார் கால்னு நான் கேட்கலய்யா. கேட்கவும் போறதில்ல. ஆனா அந்தக் கால் நல்ல கால். எத்தனையோ பேர் பயத்துல ரெண்டையும் சேர்த்து மிதிப்பான்.

பில்கு: தம்பி, உன் பேர் என்ன சொன்னே? பியோவா? நீ இந்தத் தொழிலுக்கு வந்திருக்கக் கூடாது. யோக்கியனா இருக்கே.

பியோ: போன் அடிக்குது. சியோல் நம்பர்தான்.

காப்சுன்: அவதான். தம்பி, என்ன சொல்லப் போறீங்க?

பியோ: பார்த்ததைச் சொல்லப் போறேன்... ஹலோ. ஆமாங்க, சர்வீஸ் சென்டர்தான், பியோ பேசறேன்... ஆமா, இங்கதான் இருக்காங்க, ரெண்டு பேரும் நல்லாருக்காங்க... பிரேக்கா? பிரேக் நல்லாருக்குங்க.

பில்கு: அடப்பாவி.

பியோ: இல்லைங்க, உங்கப்பா ஏதோ சொல்றாரு... கேளுங்க. பிரேக் நல்லாருக்கு. ஆனா பிடிச்சிருக்காது. மிதிக்கு அடியில கருவாடு இருந்துச்சு... கருவாடு. பொல்லாக். நூல் சுத்தினது... இல்லைங்க, நான் கிண்டல் பண்ணல... ஆமா, வண்டியில மொத்தம் ஆறு இருக்கு... ஆறு... சிரிக்காதீங்க மேடம், எனக்கும் சிரிப்பு வருது...

பில்கு: சிரிக்கிறாளா?

காப்சுன்: சிரிக்கிறா. எனக்கே இங்க வரைக்கும் கேட்குது.

பியோ: ...இதுல கால் மேல ஒரு தப்பும் இல்லைங்க. பந்தயக்காரன் ஓட்டியிருந்தாலும் நின்னிருக்காது. இன்னொண்ணு, பாக்கி இருக்கற அஞ்சு ரீகாலையும் இன்னைக்கே முடிச்சுத் தர்றேன். ஆமா, இலவசம். டயர் விக்க மாட்டேன், உங்கப்பா முறைக்கறாரு... சரிங்க... ஓ... அப்படிங்களா... சரி, சொல்றேன்.

பில்கு: என்ன சொல்றா? முடிஞ்சுதா? வர மாட்டாளா?

பியோ: வண்டி மேல இருந்த பயம் போயிடுச்சாம். ஆனா அப்பாவுக்கு வயசாயிடுச்சாம். இன்னைக்குக் கருவாடு, நாளைக்கு இன்னொண்ணுங்கறாங்க. முடிவு பண்ணது பண்ணதுதானாம். நாளைக்கு ரயில்ல வர்றாங்களாம். நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துட்டுத்தான் மறுவேலையாம். உங்ககிட்ட போனைக் குடுக்கச் சொல்றாங்க.

பில்கு: நான் இங்க இல்லன்னு சொல்லு.

பியோ: முறைக்கறாருன்னு இப்பத்தானேய்யா சொன்னேன்.

பில்கு: அப்போ செத்துட்டேன்னு சொல்லு.

காப்சுன்: இப்படிக் குடுங்க தம்பி. நான் பேசறேன்.

பில்கு: வேணாம்டி. நாம பேசி வெச்சது என்ன? நான்தான் மோதினேன், அவ்வளவுதான். நாளைக்கு வரட்டும், லைசென்ஸை வீட்டுல எங்கயோ தொலைச்சுட்டேன்னு சொல்லிச் சமாளிக்கறேன். உன் பேர் வந்தா உன்னை மறுபடி அந்தச் சீட்டுல உட்கார விட மாட்டா.

காப்சுன்: கால் சரியாத்தான் மிதிச்சிருக்குன்னு சொல்லிட்டாங்கல்ல. இனிமே எனக்கென்ன பயம்? குடுங்க... ஹேரிம், அம்மா பேசறேன். நீ வந்து வாங்கிட்டுப் போறதுக்கு அப்பாகிட்ட லைசென்ஸே இல்லடி. அவருக்குக் கண்ணு மங்கிட்டே வருது, உன்கிட்ட சொன்னா நீ எங்களைத் தூக்கிட்டுப் போயிடுவேன்னு சொல்லல. வசந்தத்துலயே தானே நடந்து போய்க் குடுத்துட்டு வந்துட்டாரு. இனிமே பஸ்ல போங்க பெரியவரேன்னு ஒரு பஸ் கார்டு குடுத்து அனுப்பினாங்க. அந்தக் கார்டைத் தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் கோடை பூரா நான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் வாங்கினேன். ஜாடியை உடைச்சது நான்தான். நாளைக்கு நீ தாராளமா வா, ரயில் ஸ்டேஷன் வாசல்ல நில்லு... நானே வண்டி எடுத்துட்டு வர்றேன்.